சாவிப் பக்கம் போன கை

என் மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதம் முடிகிற திங்கட்கிழமையை நான்தான் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனிக்கு ஓடினால் தினமும் பத்து நிமிஷம் தாமதம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார், சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி மலையில் இறங்கி வந்த பிறகு, அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாகிவிட்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மாமியார் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. நானும் மாமாவும் இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகளும் அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் பைபாஸுக்கு அந்தப் பக்கம். மேம்பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். இரண்டு வருஷமாக மாமாதான் காரில் கொண்டுபோய் விட்டார். அவர் இல்லையென்றால் நான் வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

மாமா முப்பது வருஷம் டெம்போ வேன் ஓட்டியவர். கோத்தகிரியில் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவார். ஒரு கீறல் கிடையாது. "அந்த ரோட்டுல என்ற கண்ணக் கட்டி உட்டாலும் எறங்கி வந்துருவேன்" என்பார். பெருமைக்குச் சொல்கிற ஆளும் இல்லை. அதனால் நானும் நம்பினேன்.

இந்தக் காரில் மட்டும் அவருக்கு ஒரு தகராறு இருந்தது. வேனில் இண்டிகேட்டர் கம்பி ஸ்டியரிங்குக்கு வலது பக்கம். காரில் அது இடது பக்கம், வலது பக்கம் இருப்பது வைப்பர். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுகிறேன் என்று அடிக்கிற வெயிலில் வைப்பரைப் போட்டுவிடுவார். காய்ந்த கண்ணாடியில் அது கரகரவென்று தேய்க்கும். "அம்மா, அப்பாரு இன்னைக்கும் வெயில்ல மழை பெய்ய வச்சாரு" என்று தாத்தாவைப் பற்றி மகள் வந்து சொல்லுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் புத்தியை எதால் அடிப்பது! லாரிகள் பறக்கிற பைபாஸ் ஓரத்தில், இண்டிகேட்டர் எரியாமல் என் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வண்டி திரும்பியிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சொல்ல வேண்டும் என்று ஒன்றிரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. மாமாவிடம் நான் எதிர்த்துப் பேசியதே கிடையாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவரிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை "சரிங்க மாமா." மற்றவர்களிடம் நான் வாயாடி, கம்பெனியில் கேட்டால் தெரியும். அவர் முன்னால் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்ளும். அவரும் என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டுத்தான் பழக்கம், ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அப்படிப்பட்ட மனுஷரிடம் 'நீங்க இனிமே ஓட்டாதீங்க' என்று எந்த வாயால் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் மாமாவின் பழைய மண்டிக் கூட்டாளி வீட்டில் கல்யாணம். போயே ஆக வேண்டும் என்றார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் இடது சீட்டில், மகள் பின்னால். மலையில் நான் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. அன்னூர், மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது அவ்வளவு பயமில்லை. வளைவுக்கு வளைவு "ஹாரன் அடி கண்ணு" என்று அவர் சொல்ல, நான் அடித்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி இரண்டு. மேலே மூட்டம் போட்டிருந்தது. "நாலு லைட்டையும் போடு கண்ணு" என்றார் மாமா. ஓடுகிற வண்டியில் நாலு இண்டிகேட்டரும் மின்னினால் நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது, நின்றுபோன வண்டிக்குத்தான் அது என்று டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதைச் சொன்னேன்.

"அட, நாலும் எரிஞ்சா நாலு பேரு பயந்து ஒதுங்குவானுங்க. நேராப் போறதுக்கே நான் போடுவேன்" என்று சிரித்தார்.

"சரிங்க மாமா" என்று அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினேன். மூட்டம் விலகியதும் அவருக்குத் தெரியாமல் அணைத்தேன். திருட்டுத்தனம் வேறு!

இறக்கம் தொடங்கியது. நான் இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தேன். எஞ்சின் உறுமும், ஆனால் வண்டி பிடித்த பிடியில் இறங்கும். மாமாவுக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. "எதுக்கு கண்ணு இப்படிக் கதற உடற? நியூட்ரல்ல போட்டா அதுபாட்டுக்கு எறங்கும். டீசலும் மிச்சம்" என்றார்.

"இருக்கட்டுங்க மாமா" என்றேன். அவர் கொஞ்ச நேரத்தில் வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். பின்னால் மகள் கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காயை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஓரிடத்தில் ரோடு கொஞ்ச தூரம் நேராக இருந்ததால் மூன்றாவது கியருக்கு மாற்றினேன். அந்த நேர் ரோட்டின் முடிவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. கீழேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வருவது தெரிந்தது. இரண்டாவதுக்கு இறக்கலாம் என்று கிளச்சை மிதித்தேன். கியரும் விழுந்தது. கிளச்சிலிருந்து கால் எடுப்பதற்குள், சத்தம் நின்றது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் மீட்டரெல்லாம் இருட்டு. ஸ்டியரிங்கை ஒடித்தேன், உரலைத் திருப்புகிற மாதிரி கனத்தது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. பதற்றத்தில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன், பாதிதான் பிடித்தது. மூன்றாம் தடவை பெடல் கல்லாக நின்றது. கால் இறங்கவே இல்லை. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, எதிரே தடுப்புச் சுவரில் கறுப்பு வெள்ளைப் பட்டை, அதற்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் காரில் சாவித் துளை ஸ்டியரிங் தண்டுக்கு இடது பக்கம். அந்தச் சாவிமேல் மாமாவின் வலது கை இருந்தது. அவர் முகம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் தன் வேலையைச் செய்தது. சாவியை அணைத்தாகிவிட்டது. இரண்டு விரலால் பிடித்து உள்ளே அழுத்துகிறது, உருவப்போகிறது. பழைய வேனில் அப்படித்தான் செய்வாராம். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாராம். அந்த வேனில் ஸ்டியரிங் பூட்டு கிடையாது. இந்தக் காரில் சாவியை உருவிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் வளைவில் திரும்பாது, நேராகத்தான் போகும்.

"சாவிய எடுத்துப்போடாதீங்க மாமா!" என்று கத்தினேன். கத்திய கையோடு அவர் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவ்வளவு சத்தமாக என் தொண்டையிலிருந்து எதுவும் வந்ததில்லை. சாவியை அப்படியே முன்னால் திருப்பினேன். மீட்டரில் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி எஞ்சின் பிடித்தது. எஞ்சின் ஓடியதும் ஸ்டியரிங் இளகியது, பிரேக் இறங்கியது. உடம்பை முழுக்கச் சாய்த்து ஒடித்தேன். பஸ் என் கண்ணாடியை உரசுகிற தூரத்தில் போனது. பஸ் டிரைவர் என்னைப் பார்த்து வாயசைத்தது தெரிந்தது. என்ன திட்டினாரோ, எனக்கு அது தகும்.

வளைவு தாண்டி ஒரு டீக்கடை முன்னால் அகலமான இடத்தில் நிறுத்தினேன். கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, இழுத்ததையே மறுபடி இழுத்தேன். அப்போதுதான் நாலு லைட்டையும் போட்டேன்.

மாமா தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார். நான் அடித்த இடம் சிவந்திருந்தது. "எதுக்கு கண்ணு கத்துன? வண்டி ஏன் நின்னுபோச்சு?" என்றார்.

"நீங்கதானுங்க மாமா ஆஃப் பண்ணீங்க."

"நானா?" என்றார். நடிப்பே இல்லை. அந்த மனுஷருக்கு நடிக்கத் தெரியாது. "நான் எங்க கண்ணு சாவியத் தொட்டேன்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பயமே இல்லை, தேங்காய் உருண்டு சீட்டுக்கு அடியில் போன கவலைதான். "பயப்படாதம்மா. நம்ம பாலத்து எறக்கத்துல அப்பாரு தெனமும் இப்படித்தான் வண்டியத் தூங்க வைப்பாரு. கீழ போனதும் எழுப்பீருவாரு" என்றாள்.

அட சாமி! தினமுமா? ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை காலை அந்தப் பாலத்தில் இறங்கியிருப்பார்கள்? அடியில் சிக்னல், லாரிகள், பள்ளி வேன்கள். செத்த எஞ்சினும் கல்லுப் பிரேக்குமாக என் பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். நான் கம்பெனியில் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கதவைத் திறந்து கீழே இறங்கி ரோட்டோரம் குந்திக்கொண்டேன்.

மாமா மகளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். "பாலத்துலயா சாமி?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். டீக்கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த டீயை அவர் குடிக்கவே இல்லை, ஆறிப்போனது.

மீதி இறக்கத்தை நான் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அந்தக் கையில். வீடு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "அப்பா முப்பது வருஷம் ஓட்டுனவரு, நீ பயந்துபோய் எதையோ செஞ்சிருப்ப" என்றார். போனை வைத்துவிட்டேன். பொல்லாத கெரகம், அடித்த கை எனக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை விடிந்தது. சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் கைப்பையில் அடியில் போட்டு ஜிப்பை இழுத்தேன். தோசை ஊற்றிக்கொண்டே வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். 'மாமா, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவை இனிமே நானே கொண்டுபோய் விட்டுக்கறேனுங்க.' இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குப் பயம். மலையில் பட்ட பயம் உயிர்ப் பயம். இது வேறு மாதிரி. அவர் ஒரே ஒரு தடவை 'சாவியக் குடு கண்ணு' என்று கையை நீட்டினால், 'சரிங்க மாமா' என்று என் வாய் சொல்லிவிடுமோ என்று என்மேலேயே எனக்குப் பயமாக இருந்தது.

மாமா குளித்து வெள்ளைச் சட்டை போட்டு, பாப்பாவின் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கம்போல எட்டே காலுக்கு வாசலுக்கு வந்தார். நேராகக் காரின் வலது பக்கம், டிரைவர் கதவுக்குப் போய் நின்றார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் இல்லை.

கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். மாமா கதவைத் திறந்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உக்காரு கண்ணு" என்றார்.

சுற்றிக்கொண்டு போய் இடது சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார். "நானும் வாரேன். ஸ்கூல் கேட்டு வரைக்கும் பாப்பா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், எனக்கு அது போதும்" என்றார். பிறகு இரண்டு கைகளையும் தன் தொடைகளுக்கு அடியில் திணித்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். "கெளப்பு. இது என்ன பண்ணும்னு எனக்கே தெரியல கண்ணு."

பாப்பா பின்னாலிருந்து ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். மேம்பாலம் ஏறினோம். உச்சி தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஓரக்கண்ணால் பார்த்தேன். மாமா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தொடைக்கு அடியிலிருந்து அந்த வலது கை வெளியே வந்துவிட்டது. பாதி தூரம் சாவியை நோக்கி நீண்டும்விட்டது. பாப்பா பாட்டை நிறுத்தி "அப்பாரு!" என்றாள். மாமா திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தார், இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து மடிக்கு இழுத்தார். பாலம் இறங்கி, சிக்னல் தாண்டி, பள்ளிக்கூடம் வரும் வரைக்கும் அந்தப் பிடியை அவர் விடவில்லை.