டேப் ஒட்டாத பெட்டிகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று அங்கே வாக்கெடுப்பு நடந்த நாள். லண்டனுக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகள் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் அடுக்கப்பட்டிருந்தன. விலகினால் நமக்கு வரி குறையும் என்றார் முதலாளி. ஆர்டரே போய்விடும் என்று கத்தினார் அவர் தம்பி.

பேக்கிங் மாஸ்டர் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். டேப் ஒட்டியதும் கட்டைவிரலால் ஓரத்தை இரண்டு முறை நீவிவிடுகிற ஒல்லியான மனிதர். அன்று ஒரு பெட்டிக்கும் அவர் டேப் ஒட்டவில்லை.

“ஏனுங்க, லாரி வந்துருமே?” என்றேன்.

“அவங்க சரக்கு வேண்டாம்னுட்டா அத்தனையும் பிரிச்சு அவங்க பேரு போட்ட லேபிளக் கத்திரிக்கோணுமுங்க. அந்த ஊருக்காரங்களே ரெண்டுபட்டு நிக்கறப்ப நான் எப்படிங்க ஒட்டறது?”

மறுநாள் விலகல் என்று முடிவு வந்தது. சரக்கை அனுப்பச் சொல்லி லண்டனிலிருந்து வர வேண்டிய மெயில் வரவில்லை. என் செல்போனில் செய்தி ஓடியது. லண்டன் தெருவில் டி-ஷர்ட் போட்ட இரண்டு பேர் மூக்கு உரசுகிற நெருக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“கழுத்துப் பட்டித் தையலப் பாருங்க. ரெண்டு பேரு போட்டிருக்கறதும் நம்மூரு பனியனுங்க.”

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது, பெட்டிகளும் போயின. ஆனால் இன்றும் எந்த நாட்டுச் சண்டையைச் செய்தியில் காட்டினாலும், யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கும் முன் நான் கழுத்தைத்தான் பார்க்கிறேன்.