துப்பாக்கிக்கு ஒரு கையெழுத்து

இஸ்தான்புல்லில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்குப் போகும் வழியில், ரொட்டிக் கடையை ஒட்டி வேட்டைச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. பலகையில் ‘த்யுஃபெக்’ என்று எழுதியிருக்கும். துப்பாக்கிக்குத் துருக்கியில் அதுதான் சொல். ஒரு காலையில் அதையே பார்த்து நின்றிருந்தேன். எங்கள் சமையல்கட்டின் மூத்தவர் ஒஸ்மான் அபி பின்னால் வந்து, யாரைச் சுடப் போகிறாய் என்று கேட்டார். ‘அபி’ என்றால் இங்கே அண்ணன். “என் அண்ணனை” என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்காமல் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் எங்கள் தென்னந்தோப்புக்குப் பன்றி வரும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அப்பா அதற்காக உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற என் சம்மதம் வேண்டும் என்று அண்ணன் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பினான். இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் போய்க் கையெழுத்திட்டேன். முதல் பக்கத்தை மட்டும்தான் படித்தேன், அனுப்பியவன் அண்ணன் என்பதால். உள்ளே இருந்தது தோப்பில் என் பங்கையும் அவனே விற்க உரிமை தரும் பவர் பத்திரம். தோப்பைச் சுற்றி வேலி போட்டு விடுதிப் பலகை நட்டிருக்கும் படத்தைச் சித்தி மகன் அனுப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் குரலில் கூச்சமே இல்லை.

“நீதான் அங்கனயே கெடக்கியே. உனக்கு எதுக்குலே தோப்பு?”

அன்று காலை கடை வாசலிலிருந்து இழுத்துப் போன ஒஸ்மான் அபி தேநீர் வாங்கிக் கொடுத்து, பேச்சை மாற்றவோ என்னவோ, ‘த்யுஃபெக்’ என்ற அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். முதலில் அது ஆயுதமே இல்லையாம். குருவி அடிக்க ‘த்யுஃப்’ என்று வாயால் ஊதும் குழலாம். பிறகு படைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாரசீகம், தெலுங்கு என்று பல கை மாறித் தமிழுக்கு வந்ததை அங்கேயே கைபேசியில் அகராதி திறந்து பார்த்தேன். அப்பா எங்களுக்கு வேறு சொல்லியிருந்தார்: “குண்டத் துப்புதுல்லா, அதான் துப்பாக்கி.” சொந்தம் என்று நம்பியிருந்த சொல்லும் எங்களுடையது இல்லை என்று ஆனபோது, அந்தத் தேநீர்க் கடையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாரல் சமயத்தில் ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் தோப்புக்கு நடந்தேன். வாசலில் காவலாளி, அறை பதிவு செய்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்து, விருந்தினருக்கென வெட்டி வைத்திருந்த இளநீரில் ஒன்றை வேலி வழியாக நீட்டினார்.

“வெளியூரு போல. குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி.”

வாங்கிக் குடித்தேன். நன்றி சொன்னேன்.