கவாத்துக்கு ஆட்சேபணை இல்லை

தேயிலை விலை விழுந்து, அரவேணுவுக்குக் கீழே ஓர் எஸ்டேட் மூடிக் கிடந்த காலத்தில் நான் அங்கே லாரிக்குக் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்ற படிப்புக்கு எந்த ஊரிலும் இந்த மாதிரி வேலைதான் கிடைத்தது. சம்பளம் நின்றுபோன லயத்துக்காரர்கள், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள், தாங்களே கொழுந்தெடுத்து, வெளி பேக்டரிக்கு விற்று, அரிசி வாங்கினார்கள்.

எனக்குச் சோறு போட்ட அக்கா, சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்தவர். மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனால் லயத்து வீடு கைவிட்டுப் போகும். எஸ்டேட் திறக்குமா என்று தெரியாமல் அவர் நகரமாட்டேன் என்றார்.

ஒருநாள் கம்பெனி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். பூட்டிய ஆபீஸ் வாசலில் நின்று மறுசீரமைப்பு, சாத்தியக்கூறு, பரிசீலனை என்றெல்லாம் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். தலையாட்டினோம்.

அக்கா முன்னால் போனார். “தொரை, அதெல்லாம் இருக்கட்டும். மேல் காட்டுக்கு இந்த வருஷம் கவாத்து உண்டா, இல்லையா?”

கவாத்து என்றால் தேயிலைச் செடியை வெறும் குச்சியாக வெட்டிவிடுவது. மாதக்கணக்கில் கொழுந்து வராது. பிறகு சில வருஷம் நன்றாக வரும். மூடியே கிடக்கப்போகிற தோட்டத்தில் யாரும் கவாத்துக்குச் செலவு செய்யமாட்டார்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே எஸ்டேட் திறக்குமா என்று லயத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “கவாத்துக்கு நிர்வாகத் தரப்பில் ஆட்சேபணை இல்லை.”

ஜீப் போனதும் எங்கள் லாரி டிரைவர் கேட்டார். “ஏனுங்கக்கா, அவரு வெட்டச் சொல்லலீங்களே.”

“ஒனக்கு லாரி காலியா போயிரும்னு கவல.”

“இருக்கற எலையையும் வெட்டிப்போட்டு எதைங்க சாப்புடுவீங்க?”

“வெட்டுன ஆளுக்குத்தான் மொதல்ல வேல குடுப்பாங்க. நீ வண்டிய எடு.”

மறுநாளே கத்திகளைத் தீட்டிக்கொண்டு எல்லோரும் மேல் காட்டில் இறங்கினார்கள். கூலி இல்லை. நான் வெட்டிய கிளைகளை இழுத்துப் போட்டேன். மேல் காடு முடிந்து கீழ்க் காடும் குச்சியானது.

அதிகாரி திரும்பி வரவில்லை. விற்கக் கொழுந்தும் இல்லை.

பின்னாளில் குன்னூரில் ஓர் ஆபீசில் பெட்டி தூக்கியபோது ‘ஆட்சேபணை இல்லை’ என்ற அந்தச் சொல்லை அடிக்கடி கேட்டேன். செய்தால் செய்யுங்கள், செலவும் பொறுப்பும் எங்களுடையதல்ல என்பதற்கு அங்கே அப்படிச் சொல்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

அக்கா மகனிடம் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று அவர் பாத்திரங்களை நான்தான் லாரியில் ஏற்றினேன். வெட்டிய குச்சிகளில் அப்போதுதான் அரும்பு வைத்திருந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்த அக்கா, “நல்லா வெட்டியிருக்கோம்” என்றார்.