குண்டூசி வாய்

பல் டாக்டரின் மேசையில் நான்கு பல் செட்டுகள் வரிசையாக இருந்தன. பிளாஸ்டிக் ஈறில் பதித்த பிளாஸ்டிக் பற்கள். ஒன்றின் மேல் வெள்ளிக் கம்பி ஓடியது. அடுத்ததில் பல்லின் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டுகள். மூன்றாவது பார்வைக்கு வெறும் பல்லாக இருந்தது. டாக்டர் திருப்பிக் காட்டியபோதுதான் கம்பி மொத்தமும் நாக்குப் பக்கம் ஒளிந்திருப்பது தெரிந்தது. நான்காவதற்குக் கண்ணாடித்தாள் மாதிரி ஓர் உறை. டாக்டர் அதைச் சட்டென்று கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டினார்.

முயலின் பார்வை வெள்ளிக் கம்பியிலேயே போய் நின்றது. நான்கில் எதைப் பார்த்தாலும் அவள் கண்ணுக்கு அது பல்லாகத் தெரியவில்லை, வாய்க்குப் போட்ட பூட்டாகவே தெரிந்தது.

முயல் என்பது வீட்டுப் பெயர். பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் இரண்டும் நடுவில் சந்து விட்டுத் துருத்திக்கொண்டு வந்ததைப் பார்த்து அக்கா வைத்தது. இன்று முயல் தையல் கடையில் கோட்டு, கவுன் எல்லாவற்றுக்கும் ஆளை நிற்க வைத்து அளவு திருத்துகிறவள். அவள் கைபட்ட தோள் தையல் பிசகியது என்று ஒரு துணிகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை. அதை வைத்தவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள்.

"இந்தக் கம்பி உதட்டைக் குத்துமா டாக்டர்?"

"கொஞ்ச நாளைக்கு உறுத்தும், அப்புறம் பழகிடும். நாலுலயும் உறுதியானது இதுதான்."

"வெள்ளைப் பொட்டு வெச்சது?"

"அவ்வளவா வெளியே தெரியாது. ஆனா கெட்டியா எதையாவது கடிச்சா உடையும்."

"உள்பக்கம் மாட்டுறது?"

"நாக்குல உரசும். முதல்ல பேச்சு கொஞ்சம் குழறும்."

"அது பரவாயில்லை. இவ பேச்சு குறைஞ்சா வீட்டுல எல்லாருக்கும் நிம்மதி."

டாக்டர் சிரித்தார். முயல் சிரிக்கவில்லை. கொஞ்ச காலமாகவே கீழ் முன்பற்கள் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. சோற்றை ஒரு பக்கமாகவே மென்று சமாளித்து வந்ததை அக்கா கண்டுபிடித்து, காதைத் திருகாத குறையாக இங்கே இழுத்து வந்துவிட்டாள். மேல்பல் இறங்கிக் கீழ் ஈறில் இடிக்கிறது, பல்லை நேராக்காவிட்டால் ஆடுகிற இரண்டும் போய்விடும் என்று டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டியிருந்தார்.

இப்போது மறுபடி வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"மேல்பல் ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருக்கே. நகம் கடிப்பீங்களா? பென்சில், பேனா?"

"இல்லைங்க."

அக்கா வாயைத் திறந்தாள். முயல் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்கு இந்த உறையே போதும். வெளியே தெரியாது. சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் கழட்டலாம், மத்தபடி வாயிலயே இருக்கணும். பக்கத்து ரூம்ல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடுங்க."

எக்ஸ்ரே என்றதும் முயல் வாசல் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டாள்.

பல்லில் இருந்த வெட்டு குண்டூசி போட்டது. கடையில் ஆளை நிற்க வைத்துத் துணியைப் பிடித்துக் குத்தும்போது இரண்டு கையும் போதாது. அதனால் குண்டூசிகளை முன்பல்லில் கடித்துக்கொள்வாள். கொண்டைகள் உதட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக உருவிக் குத்துவாள். வாயில் ஊசி இல்லாவிட்டால் அவள் கைக்கு எந்த மடிப்பு எங்கே என்பதே மறந்துபோகும். கட்டிங் மாஸ்டர் அவளை "குண்டூசி வாய்" என்றுதான் வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்துவார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

போன மழைக்காலத்தில் தொந்தியுள்ள ஒருவர் பழைய கோட்டோடு வந்தார். பொத்தான் எட்டவில்லை.

"மாஸ்டர், என் வயிறு பெருத்துடுச்சா, இல்லை கோட்டு சுருங்கிடுச்சா?"

"கோட்டுக்குக் கூச்சம் சார். உங்களைப் பார்த்து ஒதுங்குது."

முயலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூச்சை உள்ளே இழுத்த அந்த நொடியில் தொண்டையில் சுருக்கென்றது. கையை வாய்க்குக் கொண்டுபோனபோது உதட்டோரத்தில் ஒரு கொண்டையைக் காணவில்லை. கடை சாத்தியதும் காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவினாள். ஆளை நிற்க வைக்கும் மேடைக்கு அடியிலிருந்து பழைய ஊசிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. அதில் அன்றைய ஊசி எது என்று யார் சொல்ல முடியும்?

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாஸ்டர் அவளை மேடைப் பக்கமே விடமாட்டார், பொத்தான் தைக்க உட்கார்த்திவிடுவார். அன்றிலிருந்து விலாவில் பிடித்தாலும் ஊசி, பசித்தாலும் ஊசி. குனியும்போது மெதுவாகக் குனிந்தாள். படுத்தால் ஒருக்களித்துப் படுத்தாள். ஊசி ஓர் இடத்தில் படுத்திருக்கிறது, அசைந்தால் விழித்துக்கொள்ளும் என்பது அவள் எண்ணம். ஆனால் மறுநாளும் கடைக்குப் போய் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டுதான் வேலை செய்தாள். பயம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம்.

எக்ஸ்ரே அறையில் நீலக் கோட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"தோடு, செயின் எல்லாம் கழட்டிடுங்க."

கழற்றினாள்.

"உடம்புல வேற இரும்பு ஏதாவது இருக்கா?"

வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் முயலின் முகம் வெளிறியது. இயந்திரத்தின் கை அவள் தலையைச் சுற்றி வரத் தயாராக வளைந்து நின்றது. கறுப்புப் படத்தில் வெள்ளைக் கோடாக ஓர் ஊசி. அதைச் சுற்றி நின்று டாக்டரும் அக்காவும் பார்க்கிறார்கள். அவளுக்கு அது அப்படியே தெரிந்தது. இது தாடைப் படம், வயிறு இதில் வராது என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

"இதோ வர்றேன்" என்றவள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டாள்.

அக்கா செருப்பையும் தோட்டையும் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். பக்கத்துப் பூட்டுக்கடை ஓரமாகத்தான் பிடிக்க முடிந்தது.

"என்னடி ஆச்சு? அங்க காலை மிதிக்கிற, இங்க ஓடி வர்ற. ஊசி கடிக்கிறதைச் சொன்னா டாக்டர் என்ன தூக்குலயா போடப் போறாங்க?"

"அக்கா, நான் ஒண்ணை முழுங்கிட்டேன்."

"எதை?"

"ஊசியை. போன மழையில."

அக்காவின் கையிலிருந்து ஒரு செருப்பு நழுவியது. மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள் அவள். ஒரு பெட்டி கோணலாக இருந்தாலும் இறக்கி அடுக்குவாள். அவளுக்கே இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடுத்தெருவில் தங்கையின் வயிற்றில் கையை வைத்தாள்.

"எந்தப் பக்கம்?"

"தெரியலை."

"இத்தனை நாள் இதை வயித்துல வெச்சுக்கிட்டா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இருந்த?"

முயல் அழுதாள். அக்கா நழுவிய செருப்பை எடுத்தாள். குனிந்து இரண்டையும் தங்கையின் காலில் மாட்டிவிட்டாள். முதலில் அவள் வலது செருப்பை இடது காலில் நுழைக்கப் பார்த்ததைக் கண்டதும் முயலின் பயம் இரட்டிப்பானது. அக்கா பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"வா. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

டாக்டர் முழுவதையும் கேட்டார். எப்போது, அதற்குப் பிறகு வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார்.

"பெரும்பாலும் தானா வெளியே போயிருக்கும். இல்லை, அன்னிக்கு உள்ளேயே போகாம இருந்திருக்கலாம். ஆனா குருட்டாம்போக்குல சொல்ல மாட்டேன். முதல்ல நெஞ்சும் வயிறும் எடுத்துப் பார்த்துடுவோம், எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரியில."

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் காத்திருந்தார்கள். அக்கா முயலின் தோட்டை உள்ளங்கையில் வைத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். கதவு திறந்து வேறு யாரையாவது கூப்பிட்ட போதெல்லாம் இருவரும் சேர்ந்து எழுந்து சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

படத்தில் ஊசி இல்லை. விலா எலும்புகள் வரிசையாக, நேர்த்தியாக இருந்தன. அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை விரலால் காட்டினார். அக்கா இன்னொரு முறை காட்டச் சொன்னாள். அவரும் காட்டினார்.

திரும்பி வந்தபோது பல் செட்டுகள் நான்கும் அதே இடத்தில் இருந்தன.

"இப்ப நிஜத்தைச் சொல்லுங்க" என்றார் பல் டாக்டர். "உறை போட்டா, கடையில ஆள் வந்து நின்னதும் என்ன பண்ணுவீங்க?"

முயல் தலை குனிந்தாள். படத்தில் இல்லாத ஊசி இன்னும் தொண்டையில் சுருக்கென்றது.

"கழட்டி மேசையில வெச்சுட்டு ஊசியைக் கடிப்பேன்."

"ஆடுற பல்லோட அதைச் செஞ்சா, எந்த வைத்தியமும் நிக்காது."

"கழட்டவே முடியாதது எது?"

"மத்த மூணுமே."

"ஊசியை வாய்க்குக் கொண்டுபோனா எனக்கே தெரியணும்."

டாக்டர் யோசித்துவிட்டு முதல் செட்டை முன்னால் நகர்த்தினார். எல்லாருக்கும் தெரிகிற, உதட்டை உறுத்துகிற, நான்கிலும் அவள் அதிகம் பயந்த வெள்ளிக் கம்பி. முயல் சரி என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்டி, அந்த வெள்ளைப் பொட்டு அழகா இருக்கே" என்றாள் அக்கா.

"அது உடையும்கா. நான் கடிச்சுப் பார்த்துடுவேன்."

கம்பி மாட்டிக்கொண்டு கடைக்குப் போன அன்று மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குண்டூசி வாய்க்கு வேலி போட்டாச்சா? அப்ப ஊசிக்கு எங்க போவ?"

முயல் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். பட்டையில் கட்டிய ஒரு சின்னப் பஞ்சுப் பொதி, அதில் ஊசிகள். அக்கா தைத்தது. ஊசி பிடித்துப் பழக்கமில்லாத கை. தையல் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அகன்றும் ஓடியது.

"யார் தைச்ச கொடுமை இது? குடு, பிரிச்சுத் தர்றேன்."

"வேண்டாம் மாஸ்டர்."

கவுனுக்கு அளவு பார்க்க ஒரு பெண் மேடையில் ஏறி நின்றாள். முயல் இடுப்பு மடிப்பைப் பிடித்தாள். ஓர் ஊசியை உருவினாள். கை அதுபாட்டுக்கு வாய்க்குப் போனது. ஊசி கம்பியில் பட்டு டிக்கென்றது.

அவள் அப்படியே நின்றாள். மேடைப் பெண் திரும்பிப் பார்த்தாள். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. முயலுக்கு மட்டும் தலைக்குள் மணியடித்த மாதிரி இருந்தது. கையைக் கீழே இறக்கி, மடிப்பில் ஊசியைக் குத்தினாள். ஊசி கொஞ்சம் கோணலாக ஏறியிருந்தது. அதை உருவி, மூச்சை மெதுவாக விட்டு, மறுபடி நேராகக் குத்தினாள்.