நான் காணவில்லை என்று சொன்ன பிறை

பூமி சூரியனைச் சுற்றி ஓடுகிறது என்பதை நான் ஏற்றுக்கொண்டது வெங்காயப் பாத்திக்குள் நாலைந்து தடவை விழுந்தெழும்பிய பிறகுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. நானா உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். நானா என்றால் எங்கள் ஆட்களுக்கு அண்ணன். வானத்தைப் பற்றி மனிதர்கள் காலத்துக்குக் காலம் என்னென்ன நினைத்தார்கள் என்று பள்ளிக்கூடக் கண்காட்சியில் காட்டுவது அவர் பொறுப்பு. கிரகங்களுக்கு ஆள் வேண்டுமே? வீட்டில் இருந்த ஒரே தங்கச்சி நான். முற்றத்தில் தண்ணீர் நிரப்பும் தகரப் பரலைச் சூரியன் என்று வைத்து, என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "ஓடு புள்ள, நில்லாம ஓடு" என்று விரட்டுவார்.

பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் எழுதிய கதைகள் சுவர் முழுக்கத் தொங்கின. பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் ஆட்களுக்கு நானே பட்டம் வைத்துக்கொண்டேன். முதலில், பூமி அசையாமல் நிற்க மற்றதெல்லாம் தங்களையே சுற்றுகிறது என்று நம்பிய கிரேக்கர்கள். கிரகங்கள் சிலவேளை பின்னுக்கு நகர்வதைச் சமாளிக்க அவர்கள் சக்கரத்துக்கு மேல் சக்கரம் பூட்டினார்களாம். அந்தக் கணக்கு இடித்த இடங்களைப் பக்தாதிலும் சமர்கந்திலும் இருந்தவர்கள் வானம் பார்த்துத் திருத்தினார்கள். "எங்கட ஆக்கள்டா" என்று அடுத்த வீட்டு மாமி, எங்கள் வாப்பாவின் தங்கச்சி, அந்தத் தாளுக்கு முன்னால் மட்டும் நின்று பெருமைப்படுவார். பிறகு பயந்தாங்கொள்ளிப் பாதிரி: சூரியனை நடுவில் வைத்துவிட்டு, ஊர் சிரிக்குமே என்று புத்தகத்தைச் சாகப்போகும் வரைக்கும் வெளியில் விடாதவர். வருடக்கணக்காகக் கிரகங்களை அளந்து அளந்து எழுதிய மூக்கறுந்த பிரபு. அந்த அளவுகளோடு மல்லுக்கட்டி, செவ்வாயின் பாதை ஒரு சொட்டுப் பிசகியதற்காக வட்டத்தையே தூக்கியெறிந்து, அது நீள்வட்டம் என்று சொன்னவர். குழாய்க் கண்ணாடியால் வியாழனின் நிலாக்களைக் கண்டு, பூமியும் ஓடுகிறது என்று வாய்மூடாமல் சொல்லி, கடைசியில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கிழவர். அதற்கும் பிறகு பழம் விழுந்ததைப் பார்த்தவர். பழத்தை இழுக்கிற அதே இழுப்புத்தான் நிலவையும் இழுக்கிறது என்றவர் அவர். இழுப்பே இல்லை, இடமே வளைந்திருக்கிறது என்று இன்னொருவர் சொன்னாராம். அந்தத் தாளை நானா ஒட்டவில்லை. தனக்கே விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப நிலவு ஏன் நம்மட தலையில விழல்ல?" என்று கேட்டேன்.

"விழுந்துகொண்டுதான் இரிக்கி. பக்கவாட்டில ஓடிக்கொண்டே விழுறதால பூமியத் தவறவிட்டுத் தவறவிட்டுப் போகுது."

விளங்கப்படுத்துவதற்காக வாளியில் தண்ணீர் அள்ளித் தலைக்கு மேலால் சுழற்றினார். மூன்று சுற்றுக்கு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாலாவதில் வாளி கைநழுவி, உம்மா பாயில் காயப்போட்டிருந்த மிளகாய்க்கு மேல் போய் விழுந்தது. "நிலவ இழுக்கிறது இரிக்கட்டும், முதல்ல இந்தப் பாய வெயிலுக்கு இழு" என்றார் உம்மா. அவர் கோபப்பட்டாலும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

அந்த உம்மாதான் போகப்போகிறார். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் குடும்பத்தை யுத்தகாலத்தில் மன்னாரிலிருந்து விரட்டியிருந்தார்கள். கற்பிட்டிப் பக்கத்து மணலில், அடுத்தவர் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கியே உம்மா எங்களை வளர்த்தார். யுத்தம் முடிந்ததும் வாப்பா ஊருக்குப் போய்க் காடு மூடிக்கிடந்த காணியை வெட்டத் தொடங்கினார். காணி கிடைத்தது, வீடு இல்லை. அதைக் கட்டுவதற்காக உம்மா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. நோன்புப் பெருநாளைப் பிள்ளைகளோடு இருந்துவிட்டுத்தான் ஏறுவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். "பெருநாள் எண்டைக்கு வரும்? சரியாச் சொல்லு" என்று நானாவிடம் கேட்டார். நானா இரண்டு நாள் கணக்குப் போட்டு, இருபத்தொன்பதாம் நோன்பன்று மாலை பிறை தெரியும், மறுநாள் பெருநாள் என்று அடித்துச் சொன்னார். பள்ளிவாசலில் கேட்டிருந்தால் பிறை கண்டால்தான் பெருநாள் என்றிருப்பார்கள். உம்மா மகனின் கணக்கை நம்பி, பெருநாளுக்கு அடுத்த நாளுக்கு டிக்கட் போடச் சொன்னார்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "பெருநாள் கழிச்சு மறுநாள்தான் மகள் போவேன்." பெருநாள் பிந்தினால் உம்மா போவதும் பிந்தும் என்று நான் எடுத்துக்கொண்டேன். சுவரில் தொங்கிய கிரேக்கர்களைப் பார்த்து அவ்வளவு நக்கலடித்தவள் நான். கொழும்பிலிருந்து பறக்கிற விமானமும் எங்கள் முற்றத்தைத்தான் சுற்றுகிறது என்று நினைத்திருக்கிறேன்!

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் ஆம்பிளைகள் கடற்கரைக்குப் போனார்கள். நானாவும் போனார். போகுமுன் எனக்கு இடம் காட்டிவிட்டுத்தான் போனார். சூரியன் இறங்கிய இடத்துக்கு இடப்பக்கம், கையை நீட்டிப் பிடித்தால் கடலுக்கு மேலே ஒரு கைமுட்டியளவுக்குக் கொஞ்சம் குறைய. நானும் உம்மாவும் வெங்காயத் தோட்டத்தின் மேற்கு மூலையில் நின்றோம். தென்னைகளுக்கு நடுவில் அங்கிருந்து கடல் தெரியும். மேகம் அடைத்திருந்தது. கையை நீட்டி விரல்களை மடக்கி வைத்துக்கொண்டே நின்றேன். மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. நானா சொன்ன அதே இடத்தில், வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி, பிறை.

கையை மெல்லக் கீழே போட்டேன். உம்மா குனிந்து, என் முகத்தோடு முகம் வைத்து, நான் பார்த்த பக்கம் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. வழமையாக எதையாவது ஓதுகிறவர்தானே என்று நினைத்தேன். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

"கண்டியா மகள்?"

"இல்ல உம்மா."

உம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நாடு முழுக்கப் பார்க்கிறாங்க. யாராவது கண்டிருப்பாங்க" என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒருவரும் காணவில்லை. கடற்கரையில் நானா, மேகத்துக்குப் பின்னால் பிறை இருக்கிறது என்று சத்தியம் செய்து எல்லோரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பிறை தென்படவில்லை, நோன்பு முப்பது என்று வானொலியில் சொன்னார்கள். நான் துள்ளிக்கொண்டு போய், "அப்ப உம்மா ஒரு நாள் பிந்தித்தானே போவாங்க?" என்று மாமியிடம் கேட்டேன்.

"பிளேன் என்ன பிறை பார்த்தா பறக்கும்? பெருநாளண்டு சுபஹ் தொழுகையோட வேன் வருது. பாவம் உன்ட உம்மா, பெருநாளும் இல்ல அவவுக்கு."

உம்மாவோடு இருக்க வேண்டிய பெருநாளை நானே தின்றுவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நோன்பு மாதத்தில் பொய் சொன்னவளை என்ன செய்வார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முப்பதாம் நோன்பு. காலையில் உம்மா எனக்குத் தலை முழுகவார்த்து, பெருநாள் சட்டையைப் போட்டுவிட்டார். அளவு பார்க்கத்தான் என்றார். பிறகு கழற்றவும் விடவில்லை. பெருநாளுக்கு அவிக்கிற வட்டிலப்பத்தைப் பகலிலேயே அவித்தார். "இண்டைக்கு உனக்கு நோன்பு வேணாம்" என்று மடியில் இருத்தி ஊட்டிவிட்டார். அவர் விரல்களில் ஏலக்காய் மணத்தது. நான் வயிறு முட்டத் தின்றேன், ஆனாலும் உள்ளுக்குள் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பொய் சொன்னது நான், போகிறார் என்று கோபம் அவர்மேல். பின்னேரம், அசர் தொழுகைக்கு முந்தி, குசினிக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உம்மா நோன்ப முறிச்சிட்டாங்க! மாமி, ஓடி வாங்க!" ஊருக்கே கேட்கக் கத்தினேன்.

மாமி வந்து வாசலில் நின்றார். உம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம் மச்சி, தலை சுத்திச்சு" என்றார். என்னைத் திட்டவில்லை.

அன்று மாலை ஊரே பிறை கண்டது. உயரத்தில், நல்ல தடிப்பாக. "இது ரெண்டாம் பிறை, நான் சொன்னேன்தானே!" என்று நானா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உம்மா உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருடம் உம்மா அங்கேயே காய்ச்சலில் மவுத்தானார். அந்த மண்ணிலேயே அடக்கினார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. தொலைபேசியில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் பேசியும் பிறையின் கதையை நான் எடுக்கவேயில்லை. பதினேழு வயதில்தான், மதரஸாவில் நோன்புச் சட்டம் படிப்பிக்கும்போது, அந்த ஒரு வரியைக் கேட்டேன். பெருநாள் பிறையைத் தனியே கண்டவர், ஊர் நோன்பாக இருந்தாலும் தான் நோன்பு பிடிக்கக் கூடாது. ஆட்கள் காணாமல் மறைவாகச் சாப்பிட வேண்டும். வகுப்பிலிருந்து எழும்பி வெளியே போய்விட்டேன். உம்மாவும் கண்டிருக்கிறார். நான் கண்டதையும் கண்டிருக்கிறார். வாயைத் திறந்திருந்தால் என்னை ஆம்பிளைகளுக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் கேட்டிருப்பார்கள். நோன்பை முறித்தவள் என்ற பெயரை அவர் வாங்கிக்கொண்டார். பெற்ற மகளே கத்தி வாங்கிக் கொடுத்த பெயர்.

அந்தப் பெருநாளன்று விடிகிற நேரத்தில் வாப்பா வேனோடு வந்தார். பள்ளிவாசலில் தக்பீர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நான் உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு, பெருநாள் கொண்டாடிவிட்டுப் போங்க, பெருநாள் கொண்டாடிவிட்டுப் போங்க என்று கதறினேன். நானா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உம்மா மணலில் குந்தி, என் கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"அழாத மகள். நாம ரெண்டு பேரும் பெருநாள நேத்தே கொண்டாடிட்டம்."

"பொய் சொல்லாதீங்க உம்மா" என்றேன்.

உம்மா என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வேனில் ஏறினார். நேருக்கு நேர் நின்று நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.