ஏழாம் எண் அறையில் ஒரு மரம்

வெர்னா தொமசீனி மல்லாந்து படுத்திருக்கிறார். வானளாவும் ரெட்வுட் மரத் தோப்பின் நடைபாதையில், குறுக்காக, ஒரு மழைக்கோட்டை விரித்து. கழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளைப் பட்டை. வயிற்றின் மேல் ஓர் அட்டை. அதில், ‘சாகவில்லை, சுற்றிப் போகவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் சுற்றிப் போக வழியில்லை. இந்த மரங்களுக்கு வேர் ஆழம் கிடையாது. பாதையை விட்டு இறங்கி மிதித்தால் தோப்பைக் காவல் காக்கும் ரேஞ்சர் திட்டுவார். ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் வெர்னாவைத் தாண்டித்தான் போகிறார்கள். குழந்தையோடு தள்ளுவண்டியைத் தூக்கி அவர் மேலாகக் கடத்திக்கொண்டு போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். வெர்னா கண் இமைக்கவில்லை.

அட்டையை எழுதிக் கொடுத்தவர் ரேஞ்சர் மரிசோல். அதற்கு முன்பெல்லாம் சுற்றுலா வந்தவர்கள் பிணம் கிடக்கிறது என்று ஓடிப்போய்ச் சொல்வார்கள், ஆம்புலன்ஸ் வரும், வெர்னா படுத்தபடியே, "கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்பார்.

"ஏன் வெர்னா, அந்த பெஞ்சுல படுத்துக்கிட்டுப் பாக்கக் கூடாதா?" என்று மரிசோல் ஒருநாள் கெஞ்சினார்.

"பெஞ்சுலருந்து வேற மரம்ல தெரியுது."

"எல்லாம் மரந்தானே?"

"உன் புருஷனும் பக்கத்து வீட்டுக்காரனும் ஒண்ணா?"

மரிசோல், அட்டையில் எழுத்து மங்கிவிட்டதால் இன்னொரு தடவை அழுத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கழுத்துப் பட்டை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வந்தது. இனிமேல் மேலே பார்க்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுத்துக்கொண்டு பார்த்தால் அது மேலே பார்ப்பது ஆகாது, நேரே பார்ப்பதுதான் என்பது வெர்னாவின் கட்சி. மருத்துவரிடம் இந்தக் கட்சியை அவர் எடுத்து வைக்கவில்லை.

கலிபோர்னியாவின் வடகோடியில், நெடுஞ்சாலை ஓரத்தில் நான் நடத்தும் சின்ன லாட்ஜில் வெர்னாவுக்கு வேலை. கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவார், துவைப்பார், மடிப்பார். வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அன்றைக்குத் தோப்பு. ஒரு தடவை போனால், குறிப்பிட்ட அந்த ஒரே மரத்தில் ஒரு படுக்கை விரிப்பு அளவுக்குத்தான் பார்ப்பார். அடியிலிருந்து தொடங்கி வாரா வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்தார். கேமரா கிடையாது, பென்சில் கிடையாது. "அங்க பாக்கறது, இங்க வரையறது. ரெண்டையும் ஒரே எடத்துல செஞ்சா ரெண்டும் உருப்படாது முதலாளி" என்பார்.

தோப்பிலிருந்து லாட்ஜ் வந்து சேரும்வரை வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் பார்த்தது கொட்டிவிடுமாம். வேகமாக வந்தார் என்று ஒருநாள் போலீஸ்காரர் மறித்திருக்கிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தப் போலீஸ்காரருக்குத்தான் சந்தேகம் வராது? வாயில் என்னவோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துத் திறக்கச் சொன்னார். வெர்னா ஒரு காகிதத்தில், ‘கிளை இருக்கிறது’ என்று எழுதிக் காட்டினார். அபராதத்தோடு விட்டார்கள். இன்னொரு தடவை வரும் வழியில் தும்மிவிட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி தோப்புக்கே போய்விட்டார். "ஒரு தும்மல்ல ஒரு கிளையே போச்சு" என்று அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

வரைவது துணி துவைக்கும் அறையில். தரையில் விரிப்பைப் போட்டு, முட்டி போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து வரைவார். விரிப்பு என் லாட்ஜில் கழித்துப் போட்டது. பெயின்ட், ஊர்க்காரர்கள் கடையில் கலக்கச் சொல்லிவிட்டு, நிறம் பிடிக்காமல் வேண்டாமென்று விட்டுப்போனது. எனவே அந்த மரத்தின் பட்டையில் யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைக்கு வரவேண்டிய ரோஸ் நிறம் ஓடுகிறது. பாசியில் பல் மருத்துவமனைப் பச்சை. பழைய காப்பிக் கறைகளை மரத்தின் முண்டுகளாக மாற்றிக்கொண்டார். கறை சரியான இடத்தில் இல்லையென்றால் என் அலமாரியைக் குடைந்து வேறு விரிப்பு தேடுவார். விருந்தாளிகள் காப்பியை எங்கே கொட்டுகிறார்கள் என்பதில் இப்படி அக்கறை காட்டிய பணியாளரை வேறெங்கும் பார்க்க முடியாது.

வரைந்ததை ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டிக்கொண்டே வந்தார். சுருள் பெரிதாகி அலமாரியை விட்டு வெளியே வந்தது; பிறகு அறையை விட்டு வெளியே வந்தது. கடைசியில் ஏழாம் எண் அறையில் கொண்டுபோய் வைத்தார். கட்டிலில் அது படுத்துக்கொண்டதும் வேறு யாரையும் அங்கே தங்கவைக்க முடியவில்லை. இடம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் வெர்னா கூசாமல், "ஏழாம் நம்பரா? அதுல மரம் தங்கியிருக்குங்க" என்பார். எதிர்முனையில் இருப்பவர் இது என்ன ஊர் என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார். வாடகை போவது எனக்கல்லவா?

எதற்காக இந்தப் பாடு என்று ஒருநாள் காலை கேட்டே விட்டேன். காப்பி மேஜையில் எமில் ஸ்டாக்கும் இருந்தார். வாலிபத்தில் மரம் வெட்டியவர். இப்போது என் காப்பியைக் குடித்துவிட்டு அதையே குறை சொல்வது அவருடைய உத்தியோகம்.

"கிட்ட நின்னா அடி மட்டுந்தான் தெரியுது" என்றார் வெர்னா. "தள்ளி நின்னா மத்த மரமெல்லாம் மறைக்குது. அது நிக்கிறத முழுசா ஒருத்தரும் பாத்ததில்ல முதலாளி. நான் ஒரே ஒரு தடவ பாத்துடணும்."

"முழு மரம் நான் பாத்திருக்கேனே" என்றார் எமில். "நூறு பாத்திருக்கேன்."

"எப்ப?"

"வெட்டிக் கீழ போட்டப்புறம்."

வெர்னா அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டார். அதில் பாதிக் காப்பி மிச்சம் இருந்தது.

உச்சியில் வந்து வேலை நின்றுவிட்டது. உச்சி எப்போதும் பனிமூட்டத்துக்குள் இருக்கிறது. படுத்துப் பார்த்தார், காத்திருந்து பார்த்தார், மத்தியானம் போனார், விடியலில் போனார். மேகம் விலகிய ஒருநாள் கிளைகள் மறைத்தன. இலையும் நுனியும் போட்டு முடித்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று சொன்னேன். "பாக்காதத எப்படி ஞாபகம் வச்சுக்கறது?" என்று என்னை ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்த நாள் மேல்பகுதியில் வெறும் வெள்ளை விரிப்புகளைத் தைத்து, "பனி" என்றார். பனியில் கறை இருக்கக் கூடாது என்பதற்காகப் பிரிக்காத புதுப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தைத்திருந்தார். நல்ல விரிப்பு. என் வயிறு எரிந்தது.

இதற்கிடையில் சுருளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. கடலோர ஈரத்தில் எங்கள் ஊரில் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும், துணிக்குக் கேட்பானேன். கீழ்ப்பட்டையில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. வெர்னா வினிகர் வைத்துத் துடைத்தார். வேறு இடத்தில் வந்தன. ஒரு மழைக்காலம் போனால் மரம் மக்கிவிடும். அதற்குள் எங்கேயாவது தொங்கவிட்டு முழுசாகப் பார்த்தாக வேண்டும். ஆனால் எங்கே? எங்கள் ஊரில் மரத்தைவிட உயரமானது மரம்தான். தீயணைப்பு வண்டியின் ஏணி முதல் கிளைக்கே எட்டவில்லை. மரிசோலிடம் போய், அந்த மரத்திலேயே தொங்கவிடலாமா என்று கேட்டார்.

"மரத்து மேலயே மரத்தத் தொங்கவிடுவீங்களா?"

"அளவு சரியா இருக்குமே."

"மேலதிகாரிக்கு நான் இத என்னன்னு எழுதுவேன், வெர்னா?"

பள்ளி மைதானத்தில் விரித்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. என் ஏழாம் எண் அறை எனக்கு வேண்டியிருந்தது. வெர்னா ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கப் போட்டால் அது விழுந்த மரம், நான் வரைந்தது நிற்கிற மரம் என்றார். பூஞ்சை மரத்தின் இடுப்புவரை ஏறிய பிறகுதான் சுருளின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

விரிக்கப் போன அன்று காலை, மைதானத்தில் குதிரை உயர எல்க் மான் கூட்டம் படுத்திருந்தது. அவற்றை யாரும் விரட்டுவதில்லை. உதை வாங்கியவர்களுக்குக் காரணம் தெரியும். அவையாக எழுந்து போகும்வரை பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர், தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு வந்த அம்மாள், மரிசோல், பழைய மரவெட்டிகள் எல்லாரும் வேலிக்கு வெளியே நின்றோம். பிறகு பையன்கள் சுருளை உருட்டினார்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஓரங்களில் தங்கள் ஹெல்மெட்டுகளை வைத்தார்கள். அடிமரம் ஒரு கோல் கம்பத்தருகே தொடங்கியது. மேல்முனை மறு கோல் கம்பத்தைத் தாண்டியது. பனி மட்டும் மைதானத்துக்குள் அடங்காமல் வேலிமேல் ஏறியது. திரும்பி வந்த ஒரு மான் அதை மோந்து பார்த்து ஓரத்தைக் கொஞ்சம் மென்றது.

வெர்னா மைதானத்தின் நீளப் பக்கத்தில் இருந்த கேலரியின் மேல்படிக்கு ஏறினார். நானும் கூடப் போனேன். ஏறித் திரும்புவதற்குள் கீழே காரியம் கெட்டுவிட்டது. எமிலும் அவருடைய சகாக்களும், யாரும் சொல்லாமலே, நேராக அடிமரத்துப் பக்கம் போய்விட்டார்கள். ஒருவர் மண்டி போட்டு, உள்ளே பொந்து இருக்குமா என்று துணியைத் தட்டிப் பார்த்தார். எமில் இடுப்பிலிருந்து அளவு நாடாவை உருவினார்.

"இந்த எடத்துல முதல் துண்டு போடலாம்."

"அங்க முண்டு இருக்குய்யா, பலகை பாழாயிடும். இன்னும் ரெண்டடி தள்ளிப் போடு."

"ஒரு தெரு முழுக்க வீடு கட்டலாம் போலிருக்கே."

வெட்ட வேண்டிய இடங்களில் அடையாளத்துக்குத் தங்கள் தொப்பிகளையும் கையுறைகளையும் வைத்துக்கொண்டே போனார்கள். கெட்ட எண்ணம் இல்லை; கிடக்கிற மரத்தைப் பார்த்தால் அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. மேலிருந்து பார்க்க, எங்கள் ஊர்க் கடைச் சுவர்களில் எல்லாம் மாட்டியிருக்கும் பழைய படங்களைப்போலவே இருந்தது. வீழ்ந்த ஒரு மரம், அதைச் சுற்றிப் பெருமையாகச் சில ஆண்கள்.

"வெட்டிட்டாங்க முதலாளி" என்றார் வெர்னா. இத்தனை வருஷத்தில் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். விரிப்புக் கணக்கெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் மறந்தே போயிற்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தார். கழுத்துப் பட்டை விடவில்லை. இன்னொரு தடவை முயன்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அலுமினிய பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். கால் அடிமரத்துப் பக்கம், தலை பனிப் பக்கம், கன்னம் பெஞ்சில். அப்படியே அசையாமல் கிடந்தார். எனக்குப் பயம் வந்து குனிந்து பார்த்தேன்.

"நிக்குது" என்றார்.

நான் தலையைத் தோளில் சாய்த்தேன். நின்றது. புல்லெல்லாம் அதன் பின்னால் செங்குத்தாக எழுந்துகொண்டது; குளியலறை ரோஸ் நிறப் பட்டை மேலே மேலே போய்ப் பனிக்குள் நுழைந்தது. மரிசோல் எங்களைப் பார்த்துவிட்டு மேலே வந்தார், பையன்கள் வந்தார்கள், எமிலின் சகாக்களும் வந்தார்கள், கேலரி நிறைந்தது, எல்லாத் தலையும் சாய்ந்தது.

"எனக்குத் தலைகீழாத் தெரியுதே" என்றார் பயிற்சியாளர்.

"அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம் சாயுங்க" என்றான் அவருடைய ஆட்டக்காரன் ஒருவன்.

கீழே எமில் மட்டும் தனியாக நின்று எங்களை முறைத்தார். "ஊர் மொத்தத்துக்கும் சுளுக்கா?" என்று கத்தினார். யாரும் பதில் சொல்லாததால் அவருக்குத் தாங்கவில்லை. வழியில் கிடந்த தன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே படியேறி வெர்னாவின் பெஞ்சருகில் வந்து நின்றார்.

"உச்சி எங்கம்மா?"

"பனியில இருக்கு."

"ஆமா, அங்கதான இருக்கும்" என்று முணுமுணுத்தார். கையில் நாடா இன்னும் நீண்டபடியே இருந்தது. மெதுவாகத் தலையைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தொப்பி நழுவி விழுந்து, ஒவ்வொரு படியாகக் கீழே உருண்டு போயிற்று. எமில் தலையை நிமிர்த்தவில்லை.