பூதத்துக்குப் புதைக்காத களம்

எழுபத்தெட்டில் கிழக்கிலங்கையைச் சூறாவளி அடித்த மறுவருடம் பாண்டிருப்புக் கனகரெத்தினம் கல்முனையில் ஞானஸ்நானம் எடுத்தான். ஊரில் யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேளாண்மை வெட்டி, மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் பிரிக்கக் களம் கட்டியபோதுதான் வில்லங்கம் வந்தது.

அவன் வயல் சொந்தக்காரரான நிந்தவூர் அபூசாலிப் போடியாரின் முல்லைக்காரன், அதாவது வயலை முன்னின்று செய்விக்கிறவன். களத்தின் நடுவில் குழி வெட்டி இரும்பும் வேப்பங்குழையும் புதைப்பது முல்லைக்காரன் பொறுப்பு. புதைக்காவிட்டால் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போகும் என்று அந்த வயல்வெளியில் எல்லாருக்கும் பயம். தமிழர், முஸ்லிம் என்ற பேதம் அதில் கிடையாது. கனகரெத்தினத்தைப்போலப் பூதத்துக்குப் பயந்தவனும் அங்கே இல்லை.

இந்தமுறை அவன் மண்வெட்டியைத் தொடவில்லை.

"குழி எங்க அண்ணன்?" என்றான் மாடு வளைக்க வந்த பாக்கியராசா.

"வெட்டல்ல. நான் இப்ப ஆண்டவர நம்புறவன்."

"நீங்க நம்புங்க. பூதமும் வேதத்துக்கு வந்திட்டா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவனும் கதிரில் கை வைக்கவில்லை. பாக்கியராசா போய்ப் போடியாரையே கூட்டிவந்துவிட்டான்.

போடியார் குடையை மடக்கினார். "நானும் அல்லாஹ் ஒருவனத்தான் நம்புறன், கனகரெத்தினம். அதுக்காகப் பூதத்தோட கோவிக்கலாமா? உனக்கு ஏலாட்டி இவன் புதைக்கட்டும். நீ அங்கால திரும்பி நில்லு."

நல்ல வழிதான். கனகரெத்தினத்துக்கு அதில் ஆசையும் வந்தது. ஏனென்றால் பயம் அவனை விட்டுப் போகவில்லை. விசுவாசம் வந்தால் பயம் செத்துப்போகும், அதுதான் ஜெயம் என்று அவன் விளங்கியிருந்தான். இப்போது பார்த்தால் அது சாகவில்லை.

"இல்லப் போடியார். நான் நிக்கிற களத்தில புதைக்க விடமாட்டன்."

"நெல்லுக் குறைஞ்சா?"

"என்னக் கேளுங்க."

"கேக்கமாட்டன். குறைஞ்சா அடுத்த போகம் உனக்கு வயல் இல்ல."

"ஓம்" என்றான் கனகரெத்தினம். மாட்டுக்கயிற்றைத் தானே வாங்கி, குழி இருக்கவேண்டிய இடத்தை மிதித்துக்கொண்டு முதல் சுற்று நடந்தான். வாய் விடாமல் இயேசுவைக் கூப்பிட்டபடி இருந்தது. அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டபிறகுதான் மற்றவர்கள் களத்தில் இறங்கினார்கள்.

நெல் குறைந்தது.

கதிர் பால்பிடித்த நேரம் பூச்சி அடித்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பாக்கியராசா நெற்குவியலைப் பார்த்தான், பிறகு கனகரெத்தினத்தைப் பார்த்தான். வீட்டில் மனைவி பூமணி, "இனி என்னத்தத் தின்னுற?" என்று மட்டும் கேட்டாள். அவன் அன்றைக்கு ஜெபத்தில் ஆண்டவரோடு கொஞ்சம் சண்டையும் பிடித்தான். ஆனால் குழி வெட்டியிருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் வரவில்லை. அது அவனுக்கே புதினமாக இருந்தது.

மறுநாள் அவனே பஸ் ஏறி நிந்தவூருக்குப் போனான்.

"நெல்லுக் குறைஞ்சிட்டு, போடியார். வயல வேற ஆளுக்குக் குடுங்க."

"பக்கத்தில என்ட மற்ற வயலில புதைச்சவனுக்கும் குறைஞ்சுதான் கிடக்கு" என்றார் போடியார். "அவன் இன்னும் இந்தப் பக்கம் வரல்ல. நீ வந்து சொல்லுறாய். விதைநெல்லுக்கு ஆயத்தப்படுத்து."

கனகரெத்தினம் அசையாமல் நின்றான். "அடுத்தமுறையும் குழி வெட்டமாட்டன்."

"தெரியும். பயம் போயிட்டா?"

"இல்லப் போடியார்."

"எனக்கும் போகல்ல. போ, போய் வேலையப் பார்."

இன வன்செயல் வந்து வயலுக்கு யாருமே போகமுடியாமற் போகும்வரை அந்தக் களத்தில் குழி விழவில்லை. ஒவ்வொரு போகமும் முதல் சுற்று கனகரெத்தினம்தான் நடந்தான்.